ஊரில் தானாக வருவது, டவுனில் நாமாகச் செய்ய வேண்டியது

"கிராமத்து ஆட்கள் பாசக்காரர்கள், டவுன்காரர்களுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது" என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பாது. நான் பிறந்து வளர்ந்தது சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி வந்தது திருநெல்வேலி வண்ணார்பேட்டை. இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஆயுசில் பாதி அங்கே, பாதி இங்கே. இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஊரில் இருக்கிறவர்களுக்குப் பாசம் கூடுதலும் இல்லை, டவுனில் இருக்கிறவர்களுக்குக் குறைவும் இல்லை. ஊரில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி ஏற்பாடுகள் பல தலைமுறையாக இருக்கின்றன. டவுனில் அது கிடையாது. வேண்டும் என்றால் நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இதைப் பேச வேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரத்தில் இருந்தார்கள். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூரை எல்லாம் சேர்த்துத் திருநெல்வேலி 1994-இல் மாநகராட்சி ஆனது. அதற்கப்புறம் சுற்றிலும் வயலாகவும் பொட்டலாகவும் கிடந்த இடமெல்லாம் நகர் என்றும் காலனி என்றும் பெயர் வாங்கிக்கொண்டு வீடாகிவிட்டது. அந்த வீடுகளில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ஆலங்குளம், ராதாபுரம் பக்கத்திலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஊரில் பத்து வீட்டு விசேஷத்துக்கு முன்னால் நின்றவர்கள், இங்கே வந்ததும் கேட்டைப் பூட்டிக்கொள்கிறார்கள். ஆள் அதே ஆள்தான். சுற்றியிருந்த ஏற்பாடு மட்டும் கூட வரவில்லை.

அந்த ஏற்பாடு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீர். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. மேலேயிருந்து எண்ணினால் கன்னடியன் மூன்றாவது. கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைகிற பூமி. மேல்மடைக்காரர் தண்ணீரைக் கட்டிப் போட்டுவிட்டால் கடைமடைக்காரர் பயிர் காயும். அதனால் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும், முறை வைப்பதென்றால் பேசித்தான் ஆக வேண்டும். எங்க அய்யாவுக்கும் சொக்காரர் (பங்காளி) ஒருவருக்கும் பாகப்பிரிவினையில் மனஸ்தாபம். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தண்ணீர் முறை மாறுகிற ராத்திரி அவர் எங்கள் வாசலுக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அய்யாவைப் பார்க்க மாட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, "மதினி, விடியக்காலம் மடை உங்களுக்கு. மம்பட்டியோட ஆளை வரச் சொல்லுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். அய்யா எழுந்து மம்பட்டியை எடுத்து வைப்பார். பேச்சே இல்லாத இரண்டு வீட்டையும் தண்ணீர் இப்படிப் பேச வைத்தது.

அடுத்தது கொடை, கோயில் திருவிழாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஊர் அம்மன் கொடை சித்திரையில். கால்நாட்டுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டு வரி முடிவாகும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவன் தனித் தலைக்கட்டு. ஆண்பிள்ளை இல்லாமல் பொம்பளை தனியாக நடத்துகிற வீட்டுக்கு எங்கள் ஊரில் பாதி வரி. மற்றபடி பத்துக் கோட்டை விதைப்பாடு வைத்திருக்கிறவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே தொகைதான். இல்லாதவனுக்கு அது பாரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வரிதான் அவனுக்கு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிற உரிமையையும் தருகிறது. எட்டாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கணக்கு வாசிப்பார்கள். வில்லுப்பாட்டுக்கு, நையாண்டி மேளத்துக்கு, மைக்செட்டுக்கு, பூவுக்கு, வாழை இலைக்கு என்று ஒவ்வொரு வகையாக வரும். "இலைக்கு ஏம்வே இவ்வளவு?" என்று ஒருத்தர் கேட்பார். சத்தம் ஏறும். சில வருஷம் கைகலப்புக்கே போயிருக்கிறது. ஆனாலும் சந்தேகம் எல்லாம் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடும், ஒருத்தரும் மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

டவுனுக்கு வந்து எங்கள் தெருவில் நலச்சங்கம் என்று ஒன்று தொடங்கியபோது நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது இந்தக் கணக்கு வாசிப்பைத்தான். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டால் போதாதா என்றார்கள். போதாது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பார்க்காமலே சந்தேகப்படுவது மட்டும் நடக்கும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஒரு வீட்டு மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, காவலாளி சம்பளம், மோட்டார் ரிப்பேர், சாக்கடை அடைப்பு எடுத்த கூலி என்று வரிசையாக வாசித்துவிடுகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பணத்தை எத்தனை நேர்மையாகக் கையாண்டாலும் சரி, நாலு பேர் காதில் விழும்படி வாசிக்காத கணக்கில் யாருக்கும் நம்பிக்கை பிறக்காது.

ஊருக்கும் டவுனுக்கும் உள்ள வித்தியாசம் துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

எங்க அய்யா தவறியது ஒரு மார்கழி விடியக்காலம். அரைப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளோடு நான் ஊரில் இருந்தேன். அம்மா போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தது பக்கத்து வீட்டுச் சித்தி. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதது கொஞ்ச நேரம்தான். எழுந்து முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போனார். ராத்திரி மிச்சமிருந்த சோற்றையும் குழம்பையும் பாலையும் எடுத்துத் தன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அடுக்களைக் கதவைச் சாத்தினார். எடுக்கிற வரைக்கும் துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனது அவருடைய மருமகள். மகன் தொழுவில் நின்ற பசுவை அவிழ்த்துத் தங்கள் தொழுவில் கொண்டு கட்டினான், அன்றைக்குப் பால் கறந்ததும் அவன்தான். பட்டாசலில் கிடந்த கட்டிலையும் நெல் மூட்டையையும் ஒதுக்கி இடம் பண்ணியது யார் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விடிந்து பார்த்தால் வாசலில் பந்தல், பெஞ்சு, குடத்தில் தண்ணீர். துட்டி சொல்ல இரண்டு பேர் பைக்கில் கிளம்பியிருந்தார்கள். எந்தெந்த ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் கொடுக்கல் வாங்கல் எந்த ஊரில் என்று ஊருக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் தூக்குவாளியில் கடுங்காப்பி வந்தது. நீர்மாலைக்கு யார் போக வேண்டும், கோடி எங்கேயிருந்து வரும், மூங்கில் யார் வெட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. பேசாமல் இருந்தாரே அந்தச் சொக்காரர், அவர்தான் சுடுகாட்டில் முன்னால் நின்று எல்லாம் பார்த்தார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அன்றைக்கு முழுக்க ஒருத்தரும் எங்களிடம் வந்து "என்ன வேணும்" என்று கேட்கவில்லை. அவரவர் வேலை எது என்று அவரவருக்குத் தெரியும்.

அய்யாவுக்கப்புறம் அம்மா என்னோடு வண்ணார்பேட்டைக்கு வந்துவிட்டார். இங்கே வந்து சில மாசத்தில் எங்கள் தெருவில் ஒரு துட்டி. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வீட்டில் அவருடைய மனைவி மட்டும்தான். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். ராத்திரி நேரம். அம்மா விஷயம் தெரிந்ததும் போய் அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தவர், மகள் வந்து சேருகிற வரை எழுந்திருக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள். முகத்தில் வருத்தம் இருந்தது, நிஜமான வருத்தம். ஒவ்வொருவராக வந்து, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நின்றார்கள்.

அம்மா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, துட்டி வீட்டுக்காரி வாயைத் திறந்து காப்பி வேணும்னு கேப்பாளா? நீயா ஆளுக்கு ஒண்ணைச் சொல்லு."

சரி என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். மாடி வீட்டுக்காரர்களிடம், விடியக்காலம் காபி உங்கள் பொறுப்பு என்றேன். எதிர் வீட்டில் மதியத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் தயிர்சோறு. கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவனிடம் அந்த அக்காவின் போனைக் கொடுத்து, வருகிற அழைப்புக்கெல்லாம் பதில் சொல்லி வழி சொல்வது உன் வேலை என்றேன். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு வங்கி அதிகாரியும் வெளிவேலைக்குப் போனார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. வேலை கிடைத்ததில் அவர்களுக்கே ஒரு ஆறுதல் வந்த மாதிரி இருந்தது. உதவ மனசு இருந்தும் எது தன்னுடைய வேலை என்று தெரியாமல்தான் அதுவரை நின்றிருக்கிறார்கள். டவுனில் ஒரு கஷ்டம் என்றால் பொதுவாக "எல்லாரும் வாங்க" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. பெயர் சொல்லி, இது உங்களுடையது என்று கொடுத்துவிட வேண்டும்.

அந்த வெளிவேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு உதவும். டவுனில் வீட்டில் வைத்து உயிர் போனால் முதலில் ஒரு டாக்டர் வந்து பார்த்து, என்ன காரணம் என்று சான்று எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் தகனமேடையிலும் மாநகராட்சியிலும் வேலை நடக்காது. ராத்திரியில் வீட்டுக்கு வருகிற டாக்டர் யார் என்று அந்த நேரத்தில் தேடுவது பெரிய பாடு. வயசானவர்கள் இருக்கிற வீடுகளில் வழக்கமாகக் காட்டுகிற டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வைப்பதில் தப்பில்லை. ஐஸ் பெட்டி, அமரர் ஊர்தி, தகனமேடையில் நேரம் வாங்குவது, இறந்தவருடைய ஆதார் நகல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் கிடையாது. தாண்டினால் தாமதக் கட்டணம், அலைச்சல் எல்லாம் சேரும். பென்ஷன், வங்கிக் கணக்கு, வாரிசுச் சான்று என்று அப்புறம் வருகிற எல்லாவற்றுக்கும் அந்த இறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதனால் பதினாறு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே ஒருத்தர் அதைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

இப்போது எங்கள் தெருவில் ஒரு நீளநோட்டு இருக்கிறது. எந்த வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளின் நம்பர், யாருக்கு என்ன மருந்து, ரத்த வகை, டாக்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர்கள் எல்லாம் அதில் உண்டு. போனில் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது 2023 டிசம்பரில் எல்லாருக்கும் தெரிந்தது.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, அதற்கடுத்த நாள். அந்த மழையை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஆற்றில் வெள்ளம் கரை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் புகுந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது எங்களுக்குப் பழக்கம், வீட்டுக்குள் ஆறு வருவது பழக்கமில்லை. எங்கள் தெருவின் கீழ்ப்பாதிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, பால் இல்லை. தாழ்வான வீட்டுக்காரர்களை மாடி வீடுகளில் பங்கு போட்டுத் தங்க வைத்தோம். யார் வீட்டில் இன்சுலின் இருக்கிறது, யாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நோட்டைப் பார்த்துத்தான் வீடு வீடாகக் கேட்டோம்.

சமையல்தான் திண்டாட்டம். கேஸ் இருந்தது, அரிசி இருந்தது, ஆனால் நாற்பது ஐம்பது பேருக்கு ஆக்குகிற பாத்திரம் ஒரு வீட்டில்கூட இல்லை. எல்லார் வீட்டிலும் நாலு பேர் சாப்பிடுகிற குக்கர். அம்மா அடுப்படியில் நின்று, குக்கர் குக்கராக வைத்து இறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் பெரிய குளிப்பு வாளி ஒன்றைத் தேய்த்துக் கழுவி அதில் கொட்டிப் புளிச்சோறாகக் கிண்டினார்.

அதே நாட்களில் ஸ்ரீவைகுண்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில், முன்னால் தண்டவாளத்தடி மண் அரித்துக்கொண்டு போனதால் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. எண்ணூறு பேருக்குப் பக்கம் பயணிகள். சுற்றிலும் வெள்ளம். வெளியிலிருந்து உதவி வந்து சேருவதற்குள் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அந்தச் செய்தியைப் படித்து எல்லாரும் கிராமத்து மனசு என்று புகழ்ந்தார்கள். மனசு இருந்தது உண்மை. ஆனால் நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். கொடை கும்பிடுகிற எந்த ஊரை எடுத்தாலும் நூற்றுக்கணக்கான பேருக்கு ஆக்கத் தெரிந்த கைகள் இருக்கும். கோயில் அறையில் அண்டா, சருவம், நீளக் கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் ஊர்ப் பொதுவில் கிடக்கும். எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு பருப்பு என்று கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்கிற ஆள் இருப்பார். மனசு எங்கள் தெருவிலும் இருந்தது, அண்டாதான் இல்லை.

தண்ணீர் வடிந்து வீடு கழுவி முடித்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, சங்கப் பணத்தில் இரண்டு அண்டா, ஒரு பெரிய கேஸ் அடுப்பு, தார்பாய், நாலு பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிகிற சார்ஜ் விளக்கு, நீளக் கயிறு வாங்கி ஒரு வீட்டு மாடி அறையில் வைத்தது. வாங்கி வைத்தால் மட்டும் போதாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்த அண்டாவில் ஆக்கிப் பழக வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் தெருவில் எல்லாரும் சேர்ந்து கூட்டாஞ்சோறு ஆக்குகிறோம். முருங்கைக்கீரை உருவுவதற்கே பத்துப் பேர் வேண்டும் என்பதால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அதற்காகவே அம்மா கூட்டாஞ்சோறு என்று முடிவு பண்ணினார்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. ஊரிலிருந்து பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், "அவங்களுக்கு இங்க பொழுதே போகாது, பாவம்" என்று சொல்வதைக் கேட்கிறேன். டிவி முன்னால் உட்கார வைத்தால் போகாதுதான். அம்மா சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்துப் படியில் சுளகும் கீரைக்கட்டுமாக உட்கார்ந்துவிடுவார். போகிறவர் வருகிறவரை எல்லாம், "காப்பி குடிச்சியளா?" என்று கேட்பார். பள்ளிக்கூட வேன் தாமதமானால் யார் வீட்டுப் பிள்ளை இன்னும் வரவில்லை என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் இன்றைக்கும் "கேட்டு ஆச்சி மகள்". வயசானவர்களைத் தெருப் பக்கம் பார்த்து உட்கார வையுங்கள். அவர்களுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

ஆனால் அம்மா கேட்கிற ஒரு கேள்வியை மட்டும் நான் நிறுத்தச் சொன்னேன். "நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" அது எங்கே போய் முடியும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரைப் பற்றி இத்தனை சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதி உண்மைதான். கொடை வரியைப் பற்றிச் சொன்னேன். அந்த வரி கேட்டு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போனதே இல்லை. அவர்களுக்கு வேறு கோயில், வேறு கொடை, வேறு சுடுகாடு. எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள், எங்கள் அய்யாவின் துட்டிக்கு வந்தபோதும் தெருமுனையில்தான் நின்றார்கள். நான் இதுவரை "ஊர்" என்று எழுதியதெல்லாம் அந்தக் கால்வாயோடு நின்றுவிடுகிற ஊர். டவுனிலும் இது ஒழிந்துவிடவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுக?" என்று நேராகவே கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் கட்டியிருக்கிற சாதிக் கயிற்றின் நிறத்தில் நாங்கள் தினமும் பார்க்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து கூடப் படிக்கிற பையன்களே வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, மறுவருஷம் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளையும் தடுக்கச் சொன்னது. டவுன் தெருவில் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, யாரையும் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்த பழைய வழக்கம் இங்கே எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்குகிற சங்கத்தை எல்லா வீட்டையும் சேர்த்தே தொடங்கலாம். எங்கள் தெருக் கூட்டாஞ்சோற்றில் எல்லாரும் ஒரே அண்டாவில் கை வைக்கிறார்கள், ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் நடக்காதது அது.

பெண்களுக்கும் டவுன் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊரில் வாசலைத் தாண்டினால் நாலு திண்ணையில் பதில் சொல்ல வேண்டும், எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று. என்னோடு படித்த ஒருத்தி சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவள். ஊரில் இருந்தவரை நல்ல சேலை கட்டினாலே பேச்சு. பாளையங்கோட்டைக்கு வந்து தையல் கடை வைத்தாள். ஸ்கூட்டர் வாங்கினாள். இப்போது அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. இது அவளுக்கு எத்தனை பெரிய விஷயம் என்று ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் யோசிக்க வேண்டும். அதனால்தான் எங்கள் தெருச் சங்கத்தில் ஒரு எல்லை வைத்திருக்கிறோம். கஷ்டம் வந்தால் கூப்பிடாமலே போவோம். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பெண் யாரோடு பேசினாள் என்கிற பேச்சை மட்டும் குரூப்பிலும் எடுக்கக் கூடாது, மொட்டைமாடியிலும் எடுக்கக் கூடாது. சொன்னதோடு நில்லாமல், ஒருமுறை எடுத்தவரை அங்கேயே நிறுத்தியும் இருக்கிறோம்.

இதற்கிடையில் ஊரும் மாறிவிட்டது. அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டதால் முன்னைப் போல ஆட்கள் கூடிக் களத்தில் நிற்பதில்லை. இளைஞர்கள் சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர், மும்பை என்று போய்விட்டார்கள். ஊரில் எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடக்கிற வீடுகள் அதிகம். அந்தச் சித்தி வீட்டில் இப்போது அவர் மட்டும்தான். அவருக்கு ராத்திரியில் ஒன்று என்றால் முதலில் ஓடி வர யார் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை. ஊரில் தானாக வந்ததெல்லாம் இனி அங்கேயும் தானாக வராது. டவுனில் நாங்கள் செய்ததை ஊரில் செய்ய வேண்டிய காலம் வந்திருக்கிறது. போன கொடைக்குப் போனபோது நீளநோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போய், தனியாக இருக்கிற பெரியவர்கள், அவர்கள் பிள்ளைகளின் நம்பர் எல்லாம் எழுதிக் கோயிலில் ஒன்று, ரேஷன் கடைப் பக்கம் இருக்கிற வீட்டில் ஒன்று என்று வைத்துவிட்டு வந்தேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர்களிடம் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள் என்று சொன்னேன். மழைக்காலத்தில் ஓட்டுச்சாய்ப்பு இறங்கினாலும் பாம்பு புகுந்தாலும் யாராவது திறந்து பார்க்க முடியும். வெளியூரில் இருக்கிறவர்கள் வரியை ஜிபேயில் போட்டுவிடுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் துட்டிக்கு ஜிபேயில் போக முடியாது. பதினாறுக்குள் ஒரு நாளாவது நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு நாளை வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

இந்த வருஷக் கொடைச் சாப்பாட்டை முழுக்க கேட்டரிங்காரர்களிடம் விட்டுவிடலாம் என்று குரூப்பில் பேச்சு வந்தது. ஆள் இல்லை, செலவும் ஏறக்குறைய அதேதான் என்றார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஸ்ரீவைகுண்டம் ரயிலைச் சொல்லித்தான் பேசினேன்: ஆக்குகிற பழக்கம் ஒரு தலைமுறைக்கு விட்டுப்போனால், அண்டா இருந்தும் வெள்ளத்தன்றைக்கு யாருக்கும் உலை வைக்கத் தெரியாது. பெரியவர்களில் நாலைந்து பேர் எனக்குப் பக்கமாகப் பேசினார்கள். காலைப் பலகாரமும் ராத்திரிச் சாப்பாடும் கேட்டரிங், மதிய அன்னதானத்தை மட்டும் ஊரே ஆக்குவது என்று முடிவாகியிருக்கிறது. மும்பையிலிருந்து வருகிற மருமகள்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட வேண்டும், காய் நறுக்க வீட்டுக்கு ஒரு அரிவாள்மணை கொண்டு வர வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகளையும் பந்திக்கு அழைக்க வேண்டும் என்று நானும் இன்னும் இரண்டு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஊர்க்கூட்டம் பங்குனிக் கடைசியில்.